கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களுக்குத் தாய்மொழி பெரும்பாலும் செவி வழியாகவே பிள்ளைகளைச் சென்று சேர்கிறது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைகள், வீட்டினுள் மட்டுமே தமிழைக் கேட்கின்றனர். அந்த வீட்டுத் தமிழுக்குத் துணையாக, தைப்பூசத்தன்றும் கார்த்திகைத் தீபத்தன்றும் நம் காலனி வீடுகளில் ஒரு பெண்குரல் ஒலிப்பதுண்டு. கணீரென்று எழுந்து, சொல் ஒவ்வொன்றையும் முழுமையாக உச்சரித்து, மேல் ஸ்தாயியில் நடுக்கமின்றி நிற்கும் குரல் அது. கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையாரின் குரல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளோ தொலைக்காட்சியில் 'திருவிளையாடல்' படத்தைப் பார்த்துவிட்டு, அவரை ஔவைப் பாட்டி என்றே அறிந்திருக்கிறார்கள்.

அந்தப் பாட்டியும் ஒரு காலத்தில் இளமங்கையாக மேடையில் நின்றவர்தாம். வள்ளியாக வேடம் பூண்டு, தினைப்புனம் காத்து, முருகனை மணந்தவர்தாம். வள்ளியாக இருந்தவர் எவ்வாறு ஔவையானார் என்பதே அவருடைய வாழ்க்கை வரலாறு. இம்மலரில் அதனைச் சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

கொடுமுடியும் ரயில் வண்டியும்

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் ரயில் பாதையில், காவிரிக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. தேவாரப் பாடல் பெற்ற பழம்பதி. அவ்வூரில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாலாம்பாள் என்னும் அன்னைக்கு மகளாகச் சுந்தராம்பாள் பிறந்தார். ஊரின் முதலெழுத்தும் அன்னையின் முதலெழுத்துமே அவர் பெயரின் முன் நிற்கும் கே. பி. என்ற எழுத்துகள். புகழின் உச்சியில் இருந்தபோதும் அந்த இரண்டெழுத்தையும் அவர் விடவில்லை.

இளமையில் அவர் கண்டது வறுமை ஒன்றே. குழந்தைகளுக்கு ஒருவேளை உணவளிப்பதே அன்னைக்குப் பெரும்பாடாக இருந்தது. சிறுமி சுந்தராம்பாளிடம் இருந்த ஒரே செல்வம் குரல். அக்குரலைக் கொண்டு ரயில் வண்டிகளில் பாடி, பயணிகள் இரங்கிக் கொடுத்த சில்லறையைச் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். பிற்காலத்தில் இந்தியாவிலேயே மிகப் பெரிய ஊதியம் பெற்ற நடிகை என்று பேசப்பட்டவர் முதன்முதலில் பாடிய அரங்கு மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி என்பதை நாம் மறத்தல் கூடாது.

அந்த ரயில் வண்டியே அவருக்கு வழியும் காட்டியது. அக்காலத்தில் ரயில்வே இலாகாவில் அலுவலராக இருந்தவர் திருச்சி எப். ஜி. நடேசய்யர். நாடகத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தாமே நடிப்பதிலும் வல்லவர். சிறுமியின் பாட்டைக் கேட்டு வியந்த அவர், இக்குரல் தெருவில் வீணாகக் கூடாது என்று கருதி, வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ப்பித்தார். தமிழ் நாடகத்தை நடத்திய அவர் பெயரிலேயே மலையாளத் தொடர்பு இருப்பதை, இவ்வெல்லையில் வாழும் நாம் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். அக்கால நாடக உலகுக்கு மொழி வேலி இருந்ததில்லை.

மேடைப் புகழ்

'நல்லதங்காள்' நாடகத்தில், பசியால் துடிக்கும் குழந்தையாகச் சுந்தராம்பாள் முதலில் மேடையேறினார். பசியை நடிக்க அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பாடியபோது கொட்டகையில் அழாதவர் இல்லை என்பர்.

அக்கால நாடகத்தின் இயல்பை இங்கே சிறிது சொல்லுதல் தகும். ஒலிபெருக்கி இல்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகையில் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் அமர்ந்தவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். வசனத்தைவிடப் பாட்டே மிகுதி. ஆர்மோனியமும் மிருதங்கமும் மேடையருகில் இருக்கும். நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் பாடியதையே மீண்டும் பாட வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்ற முறையில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகையின்றியே மேடையில் சந்திப்பார்கள். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் என்று அங்கேயே தர்க்கம் நிகழும். குரலும் மனத்துணிவும் உள்ளவரே அதில் நிலைக்க முடியும். இந்தப் பள்ளியில்தான் சுந்தராம்பாள் பயின்றார். பிற்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் பாடும்போது, மைக்கிலிருந்து தள்ளி நிற்க வேண்டியிருந்தது என்று சொல்லப்படுவதில் வியப்பில்லை.

வள்ளி, பவளக்கொடி, சந்திரமதி முதலிய வேடங்களில் தமிழகமெங்கும் அவர் பெயர் பரவிற்று. ஸ்திரீபார்ட்டில் மட்டுமன்றி ஆண் வேடத்திலும் அவர் தோன்றினார். கடல் கடந்து இலங்கைக்கும் சென்றார். அங்கேதான் அவர் வாழ்வின் பெருந்திருப்பம் காத்திருந்தது.

செங்கோட்டைக் கிட்டப்பா

எஸ். ஜி. கிட்டப்பா என்னும் பெயரை இன்றைய இளைஞர் பலர் அறியார். 1906-ஆம் ஆண்டில் செங்கோட்டையில் பிறந்தவர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நாம் வாழும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எனவே கிட்டப்பா பிறந்தபோது, செங்கோட்டையும் இந்தக் குன்னத்துகாலும் ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தன. அவ்வகையில் இக்கதை நமக்கு அயலார் கதையன்று.

கிட்டப்பாவின் சாரீரம் மூன்று ஸ்தாயியிலும் மின்னலெனப் பாயும். சங்கீத வித்துவான்களே நாடகக் கொட்டகைக்கு வந்து அவர் பாட்டைக் கேட்டனர். 1926-ஆம் ஆண்டில் கொழும்பு நகரில் சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு ஏற்பட்டது. கிட்டப்பாவின் முன் இப்பெண்ணின் பாட்டு எடுபடாது என்று அஞ்சியவர்கள் உண்டு. அவ்வச்சம் முதல் இரவிலேயே பொய்த்தது. இரு குரலும் ஒன்றையொன்று தூண்டி வளர்ந்தன. அடுத்த ஆண்டில் இருவரும் மணவாழ்வில் இணைந்தனர்.

அதன் பின்னர் அவர்கள் நாடகம் நடக்கும் ஊர் திருவிழாக் கோலம் பூண்டது. வண்டி கட்டிக்கொண்டு மக்கள் வந்தனர். அவர்கள் பாடிய இசைத்தட்டுகள் கொட்டகைக்கு வர இயலாதவர் வீடுகளுக்கும் பாட்டைக் கொண்டு சென்றன. இருவரும் தேசபக்தர்கள், புராண நாடகத்தின் நடுவிலும் தேசியப் பாடல்களைப் பாடி, மக்களுக்கு விடுதலை வேட்கையை ஊட்டினர்.

ஆயினும் அம்மணவாழ்வு துன்பமற்றதாக இருக்கவில்லை. கிட்டப்பாவுக்கு முன்னமே மனைவி இருந்தார். நாடகக்காரி என்று சமூகம் இழிவாகப் பார்த்த பெண்ணுக்கு, அவ்வீட்டில் உரிய இடம் எளிதில் கிடைக்கவில்லை. மனவேறுபாடும் பிரிவும் நேர்ந்தன. அக்காலத்தில் அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறியுள்ளன. மேடையில் எவருக்கும் அஞ்சாத அக்குரல், அக்கடிதங்களில் தன் உரிமையைக் கேட்டு இறைஞ்சுவதையும், சில இடங்களில் இடித்துரைப்பதையும் காணலாம். இதற்கிடையே கிட்டப்பாவின் உடல்நலம் கெட்டது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், தம் 27-ஆம் வயதிலேயே அவர் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

துறந்த இளமை

அன்று முதல் அவர் வெண்ணிற ஆடை உடுத்தினார். நகைகளைக் களைந்தார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம் என்று தம் கோலத்தை மாற்றிக்கொண்டார். இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையை விட்டே சில காலம் விலகிக் கொடுமுடியில் அடங்கியிருந்தார்.

கைம்மைக் கோலத்தைப் பெருமைப்படுத்துவது நம் நோக்கமன்று. இளம் விதவைகளைச் சமூகம் வருத்திய கொடுமையை எதிர்த்துப் பெரியோர் பலர் போராடிய காலமே அது. அம்மையார் செய்தது எல்லாப் பெண்களுக்கும் விதியாகாது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது பிறர் சுமத்திய கட்டாயமாக இருக்கவில்லை. அவரே தேர்ந்த வழியாக இருந்தது. நாடகக்காரியின் திருமணத்தை ஒரு திருமணமாகவே மதிக்காத உலகத்தின் முன், தாம் உண்மையான மனைவி என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லாமற் சொல்லி நின்றார்.

இளமையும் அழகும் காதற்பாட்டுமே நடிகையின் மூலதனம் என்று கருதப்பட்ட தொழிலில், அம்மூன்றையும் துறந்தபின் எஞ்சுவது என்ன? குரல் எஞ்சியது. அக்குரலை மீண்டும் நாட்டுக்கு அளிக்க வேண்டும் என்று சத்தியமூர்த்தி முதலிய காங்கிரஸ் தலைவர்கள் அவரை வேண்டினர். அவர் இசைந்தார். தேர்தல் மேடைகளிலும் மாநாடுகளிலும் அவர் பாடினார். காந்தியடிகளும் கொடுமுடியில் அவர் இல்லத்துக்கு வந்து உணவருந்தினார். பொற்றட்டில் உணவு படைக்கப்பட்டதாகவும், அத்தட்டையே அடிகள் பொதுப்பணிக்குக் கேட்டுப் பெற்றுக்கொண்டதாகவும் கூறுவர்.

பேசும்படத்தில் நந்தனார்

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி அதன் கதாநாயகி. தொடர்ந்து வந்த படங்களும் நாடகங்களையே படமாக்கியவை. இரவல் குரல் என்பது அன்று இல்லை. நடிப்பவரே பாட வேண்டும். காமிரா ஓடும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர் காமிராவின் கண்ணுக்குப் படாமல் மறைவில் இருந்து வாசிப்பர். ஓரிடத்தில் சுருதி பிசகினால் முழுப் பாட்டையும் மீண்டும் எடுக்க வேண்டும். ஆகவே, பட முதலாளிகள் முகத்தைத் தேடுமுன் குரலைத் தேடினர். 1938-இல் வந்த 'நந்தகுமார்' படத்திலேதான் பின்னணிப் பாட்டு தமிழில் தலைகாட்டிற்று.

அவ்வாறு குரலைத் தேடிக் கொடுமுடிக்கு வந்தவர் ஆசந்தாஸ் என்னும் பட முதலாளி. படத்தில் நடிக்க விருப்பமில்லாத அம்மையார், அவரைத் தட்டிக்கழிக்க எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர் தயங்காமல் உடன்பட்டுவிட்டார் என்றும் சொல்வர். அக்காலத்தில் இந்தியாவில் எந்த நடிகரும் பெற்றிராத தொகை அது. ஆயினும் ஆண் நடிகருக்கு ஜோடியாவதில்லை என்ற உறுதி உண்டே! அதற்கு அவர் கண்ட வழி அருமையானது. நாயகியாக நடிக்காமல் நாயகனாகவே நடித்தார். 1935-ஆம் ஆண்டு வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனார் வேடம் அவருடையது. வேதியராக நடித்தவர் கருநாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாதையர். படத்தை இயக்கியவர் மாணிக் லால் டாண்டன்.

படத்தைப் பற்றிய கருத்து ஒருமித்ததாக இருக்கவில்லை. அப்போது ஆனந்த விகடனில் எழுதிவந்த கல்கி, படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியும்தாம் என்று பொருள்படக் கேலி செய்தார். நடிப்பைக் குறைகூறியவர் உண்டு; பாட்டைக் குறைகூறியவர் அரிதினும் அரிது.

இங்கே நம் பகுதியில் நிகழ்ந்த மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். 1930-ஆம் ஆண்டை ஒட்டி, ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படம் திருவனந்தபுரத்தில் காட்டப்பெற்றது. மலையாளத்தின் முதற்படம் அது. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதற்காக அவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை சொல்லுந்தரமன்று. அவர் தாக்குதலுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடி, நாகர்கோயில் பக்கத்தில் பெயர் மறைந்து வாழ்ந்தார். மலையாளத்தின் முதற் கதாநாயகி மீண்டும் ஒரு படத்தில் தோன்றவேயில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே, கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அடியாரின் துயரை ஒரு பெண் திரையில் பாடினார். அவருக்கு இலட்சம் ரூபாய் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து எண்ணும்போதுதான், அக்காலத்தில் நடிகையாக நிற்பது எவ்வளவு பெரிய துணிவு என்பதும், அத்துணிவின் பலன் எல்லாருக்கும் ஒன்றாகக் கிட்டவில்லை என்பதும் விளங்குகின்றன.

ஔவையான வள்ளி

'நந்தனா'ருக்குப் பின் அம்மையார் ஏற்ற திரை வேடங்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1940-இல் மணிமேகலையானார், அவள் இளமையிலேயே துறவு பூண்டவள். 1953-இல் ஜெமினி நிறுவனத்தில் எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்' படத்தில் ஔவையானார்; ஔவையோ திருமணத்தை விலக்க விநாயகரை வேண்டி முதுமையைப் பெற்றவள் என்பது கதை. 1964-இல் மு. கருணாநிதி வசனம் எழுதிய 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளானார்; அவரும் துறவி. 1973-இல் காரைக்கால் அம்மையாராகத் தோன்றினார்; அவ்வம்மையோ தம் வனப்பைக் களைந்து பேயுருவம் வேண்டிப் பெற்றவர். இளமையைத் தாமே உதிர்த்த பெண்கள் தமிழ் மரபில் எத்தனை பேர் உண்டோ, அத்தனை பேரும் இந்த அம்மையாரின் உருவில் திரைக்கு வந்துவிட்டனர்!

இதனை நாம் தற்செயலாகக் கொள்ளவில்லை. துணை வேடம் தேடிப் பிழைக்கும் நிலை அவருக்கு வரவில்லை. தம் உறுதிக்கு ஏற்ற வேடத்தை அவர் தமிழ் இலக்கியத்திலிருந்தே பெற்றார். தலைவனும் காதலும் இல்லாமலே ஒரு பெண் படத்தின் தலைமைப் பாத்திரமாக நிற்க முடியும் என்பதை 'ஔவையார்' மெய்ப்பித்தது. அப்படம் தமிழகமெங்கும் பெரும் வெற்றி பெற்றது. அப்போது அவருக்கு வயது 45-ஐ எட்டவில்லை.

1965-இல் ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' வெளிவந்தது. பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவை பாடிச் சமாதானம் செய்யும் காட்சி அதில் வருகிறது. முன்னொரு காலத்தில் கொழும்பு மேடையில் வள்ளியாக நின்று பாடியவர், இப்போது அதே முருகனைப் பேரனாகப் பாவித்துப் பாடுகிறார். அக்காட்சியைக் காணும் பழைய ரசிகர்களின் கண்கள் கலங்கியதற்குப் பக்தி மட்டும் காரணமாக இருந்திராது.

இறுதிக் காலம்

சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதல் திரைக்கலைஞர் என்று அவரைச் சொல்வர். 1966-இல் தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கிற்று. 1969-இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ரயிலில் பாடிய சிறுமியின் ஊரிலேயே அவர் பெயரால் ஒரு திரையரங்கும் எழுந்தது.

1980-ஆம் ஆண்டு அம்மையார் காலமானார். கிட்டப்பா மறைந்தபின் 47 ஆண்டுகள், ஒரு நாளும் வழுவாமல் அவர் தம் உறுதியைக் காத்தார். அவர் மறைவுக்கு முந்திய ஆண்டில்தான், அதாவது 1979-இல், திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை வழியாக நாகர்கோயிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ஆயினும் ரயில் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அவர் குரல் இசைத்தட்டிலும் வானொலியிலும் ஏறி, இவ்வெல்லையைக் கடந்து வந்துவிட்டது.

அன்பர்களே! நம் பிள்ளைகள் நாளை எம்மாநிலத்தில், எந்நாட்டில் வாழ்வார்கள் என்பதை நாம் அறியோம். தமிழ் எழுத்தை அவர்கள் மறக்கவும் கூடும். ஆனால் ஒரு சொல்லைத் தமிழன் எவ்வாறு உச்சரிக்க வேண்டும் என்பதை அறிய, பெரிய பாடப் புத்தகம் ஒன்றும் வேண்டியதில்லை. இந்த அம்மையார் பாடிய ஒரு பாட்டைக் கேட்டால் போதும். அப்பாட்டு ஒலிக்கும்போது, ஔவைப் பாட்டி பாடுகிறாள் என்பதோடு நிறுத்தாமல், பசியோடு ரயிலில் பாடிய கொடுமுடிச் சிறுமியின் கதையையும், கொழும்பில் பாடிய வள்ளியின் கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். நம் வீட்டுத் தமிழ் அதனால் இன்னும் சில காலம் தழைத்திருக்கும்.